பதினாறாம் அலைவரிசை

ஃபாரோ தீவுகளின் கரையோர வானொலி நிலையத்தில்
இரவுப் பணி எனக்கு.
அன்று கடலெங்கும் மூடுபனி.
மேசையில் ஆறிப்போன காப்பி,
அதன் வட்டக் கறை விழுந்த வேதப்புத்தகம்.
நாளுக்கு ஓர் அதிகாரம், பல் துலக்குவதைப் போல.
மூடியபின் என்ன வாசித்தாய் என்று கேட்டால்
பக்க எண்ணைத்தான் சொல்வேன்.
ஜெபமும் அப்படித்தான்.
"அன்புள்ள பரம பிதாவே" என்று கிளப்பிவிட்டால்
வண்டி ஆமென் வரை தானே போய்ச் சேரும்,
ஓட்டுகிறவள் நடுவில் கண்ணயரலாம்.

பதினொன்று பதினெட்டுக்குத் தொலைபேசி.
சாந்தோயிலிருந்து மாலன் என்றொருத்தி:
"ஹெர்கெய்ர் ஆறு மணிக்கே திரும்பியிருக்கணும்.
உருளைக்கிழங்கை ரெண்டு தரம் சூடாக்கிட்டேன்."

தெர்னன், தெர்னன், தெர்னன்,
இது கரை நிலையம். கேட்கிறதா?

விசையை விட்டேன்.
இரைச்சல்.
அந்த இரைச்சலுக்குள் காதை நுழைத்துக் குனிந்தேன்,
அரிசியில் கல் தேடுகிறவள் போல.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை.
படகின் பெயர் மூன்று தரம், பிறகு மௌனம்.
அழகுக்காக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.
இரண்டு மணிக்குத் தொண்டை கம்மியது.
"நீ போய்ப் படு, நான் பார்க்கிறேன்" என்றான் டாயுர்.
போகவில்லை. ஏனென்று அவனும் கேட்கவில்லை.

மூன்றரை வாக்கில், விசையை விட்ட ஒரு நொடியில்
உறைத்தது:
ஜெபத்தில் நான் விசையை விட்டதே இல்லை.
அழுத்திப் பிடித்துப் பேசுவேன்,
பேசி முடித்ததும்
பெட்டியையே அணைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

நாலு பத்துக்கு மீட்புப் படகு
தெர்னனைக் கண்டது.
ஆறு மணிக்கு ஹெர்கெய்ர் நிலையத்துக்கே வந்தான்,
கம்பளிக்குள், உப்புப் பூத்த தாடியோடு.
நன்றி சொல்லத் தெரியாத மனிதன்.
தேநீரைப் பாதி குடித்துவிட்டுச் சொன்னான்:
"தண்ணி ஏறி அனுப்புற பக்கம் செத்துப்போச்சு.
கேட்கிற பக்கம் மட்டும் உயிரோடு இருந்தது.
ஐம்பத்தெட்டு தரம் கூப்பிட்டீங்க. எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு தரமும் பதில் சொன்னேன்."

வீட்டுக்கு நடக்கும்போது ஆறுதலாக இருந்தது.
பதில் வராத இரவுகளிலும்
யாரோ பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.
வாசற்படியில் பனியை உதறியபோது
நினைப்பு தலைகீழாகப் புரண்டது.
படகு நானாக இருந்தால்?
என் பெயரை மூன்று தரம் சொல்லிவிட்டு
விசையை விட்டு, காது கொடுத்து,
தொண்டை கம்மியும் படுக்கப் போகாமல்
இத்தனை வருஷமாய் அங்கே உட்கார்ந்திருப்பது யார்?
எனக்கோ ஹெர்கெய்ருக்கு வாய்த்த சாக்குகூட இல்லை,
கருவியில் ஒரு பழுதும் கிடையாது.

புயல் எச்சரிக்கையை நான் வாசிக்கும்போது
மீனவர்கள் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள்,
வரிக்கு வரி எனக்கே திருப்பிச் சொல்வார்கள்.
ஓர் எண் தவறினால் ஓர் ஆள் போச்சு.
சமையலறையில், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்,
மின்சார ரசீதின் பின்பக்கத்தில்
ஒரு வசனத்தை எழுதினேன்.
எழுதியதை உரக்கத் திருப்பிச் சொன்னேன்.
ஆறுதல் வசனம் இல்லை, கடிந்துகொள்கிற ஒன்று.
முந்தைய வாரமும் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்,
காயம் படாமல்.

அந்த ஓர் அதிகாரத்துக்கு ஒன்பது நாள் ஆயிற்று.
ஐந்தாம் நாள் தூங்கிவிட்டேன்,
கன்னத்தில் பென்சில் தடம்.
இப்போதும் சில காலைகளில்
பழைய வண்டி தானாகக் கிளம்பிவிடுகிறது.
பாதியில் நிறுத்துகிறேன்.
அலங்காரமெல்லாம் இறக்கி வைத்துவிட்டு

ஆண்டவரே, ஆண்டவரே, ஆண்டவரே,
இது ரன்வா. கேட்கிறது.

விசையை விடுகிறேன்.
குளிர்சாதனப் பெட்டியின் முனகல்,
கூரையில் கடற்பறவையின் நகம்.
குனிகிறேன்.